எலியைக் கொல்லாமல் பிடிப்பது எப்படி: கம்பிக்கூண்டு வைக்கும் முறை

பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட எலி விடிய விடியத் துடிப்பதையும், விஷம் தின்ற எலி பரணுக்குப் பின்னால் செத்து ஒரு வாரம் நாறுவதையும் ஒருமுறை அனுபவித்தவர்கள் பாத்திரக்கடையில் விற்கும் பழைய கம்பிக்கூண்டுக்கே திரும்பி வருவார்கள். அந்தக் கூண்டைச் சரியாக வைக்கத் தெரியாததால்தான் பலர் 'எலி மாட்டவே இல்லை' என்று அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் எலி நடமாடும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். இரவு படுக்கும் முன் அடுக்களைச் சுவரோரமாகக் கல் கோலப்பொடியை மெல்லியதாகத் தூவி வைத்தால், காலையில் கால்தடமும் நடுவே வால் இழுபட்ட கோடும் தெரியும். அரிசிமாவைத் தூவ வேண்டாம், அதுவே விருந்தாகிவிடும். எலி அறையின் நடுவே ஓடாமல் சுவரை ஒட்டியே ஓடும் என்பதால், கூண்டையும் சுவரை ஒட்டி, வாசல் அந்தத் தடத்தைப் பார்த்திருக்குமாறு வைக்க வேண்டும்.

அடுத்தது பொறுமை தேவைப்படும் படி. வழியில் புதிதாக ஒரு பொருள் முளைத்தால் வீட்டெலி சில நாட்கள் அதைச் சந்தேகத்துடன் சுற்றிப்போகும். ஆகவே கூண்டின் கதவைத் தூக்கி நூலால் கட்டிவிட்டு, உள்ளே இரையை மட்டும் போட்டு மூன்று இரவுகள் விட்டுவிடுங்கள். இரை தொடர்ந்து காணாமல் போகத் தொடங்கிய பிறகே நூலை அவிழ்த்துப் பொறியை ஏற்ற வேண்டும். இந்த மூன்று நாட்களில் மற்ற உணவுப் பொருட்களும் குப்பைக்கூடையும் மூடியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரைக்கு மசால் வடைதான் பேர்போனது என்றாலும், அனலில் வாட்டிய தேங்காய்ச்சில்லு எளிதில் உதிராது என்பதால் நான் அதையே விரும்புவேன். எதை வைத்தாலும் கொக்கியில் குத்தியபின் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். எலி இழுத்தால்தான் கொக்கி நழுவி, ஸ்பிரிங் கதவை அடைக்கும். ஏற்றியதும் ஒரு குச்சியால் இரையைத் தட்டிச் சோதித்துப் பாருங்கள்.

பொறியை இரவில் மட்டும் ஏற்றி, விடிந்தவுடன் பார்க்க வேண்டும். எலி சிக்கியிருந்தால் பழைய துண்டால் கூண்டை மூடுங்கள். இருட்டானதும் அது கம்பியில் முட்டிக்கொள்வதை நிறுத்திவிடும். நீண்ட மூக்குடன் கீச்சிடுவது மூஞ்சுறுவாக இருந்தால் உடனே தோட்டத்தில் விட்டுவிடுங்கள்: அது கரப்பானையும் பூச்சியையும் தின்பது, சில மணிநேரப் பட்டினியையும் தாங்காது. கீரியோ மரநாயோ உடும்போ தொந்தரவு தந்தால் கூண்டு வைக்காதீர்கள். அவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.

எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் கூண்டைத் தொடும்போதெல்லாம் ரப்பர் கையுறை அணியுங்கள். எலியை விடுவதற்கு அடுத்தவர் வயலும் பக்கத்துத் தெருவும் இடமல்ல. தெருமுனையில் விட்டால் மறுநாளே திரும்பிவிடக் கூடும்; எனவே வீடுகளும் பயிரும் இல்லாத புதர்க்காட்டோரமாகப் பார்த்து, வெயில் தாழ்ந்தபின் கூண்டின் வாசலைப் புதர்ப் பக்கம் திருப்பி வைத்து, பின்னால் நின்று கதவைத் தூக்குங்கள். அறியாத இடத்தில் அந்த எலி பிழைப்பது கடினம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எலியை உள்ளே வரவிடாமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் பெரிய உபகாரம்.

ஆகவே அன்றே துளைகளை அடையுங்கள். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணித்து, மேலே சிமென்ட் பூசினால் கடித்துத் திறக்க முடியாது. சாக்கடைக் குழாயின் வாய்க்குக் கம்பிவலை போடுங்கள். கூண்டை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி வெயிலில் காயவைத்து, மீண்டும் அதே சுவரோரம் வையுங்கள். கோலப்பொடியில் ஒரு வாரம் தடமே விழாவிட்டால் எடுத்துப் பரணில் போடலாம்.