நகரத்தின் காலநிலைத் திட்டம் எப்படித் தயாராகிறது? சன்னிவேல் ஆணையத்தை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

2022 செப்டம்பர் 6, மாலை 5.45 மணி. வீட்டிலிருந்த எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அலறின. மின்சாரப் பயன்பாட்டை உடனே குறையுங்கள், இல்லையென்றால் மின்தடை வரலாம் என்று கலிபோர்னியா மாநில அரசின் அவசரச் செய்தி. அன்று பக்கத்து ஊரான சான் ஹோசேயில் 109 டிகிரி ஃபாரன்ஹீட். ஏசியை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, பிள்ளைகளைத் தரையில் படுக்க வைத்தோம். மாநிலத்தின் மின்தேவை 52,061 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்ட நாள் அது. மக்கள் பட்டென்று குறைத்ததால் மின்தடை வராமல் தப்பித்தோம்.

கீழ் வீட்டில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் ஏசி கிடையாது. இந்தப் பகுதியின் பழைய வீடுகள் பலவற்றில் அப்படித்தான். பக்கத்தில் குளிர்ச்சியாக உட்கார எந்த இடம் திறந்திருக்கிறது என்று கேட்டார். எங்கள் குடியிருப்பில் யாருக்கும் தெரியவில்லை. இந்த மாதிரி நாளுக்கு நகரத்தில் யார் திட்டம் போடுகிறார்கள் என்று நான் தேட ஆரம்பித்தது அன்றிரவுதான். தேடிப் போய்ச் சேர்ந்த இடம் நாங்கள் இருக்கும் சன்னிவேல் நகரின் நிலைத்தன்மை ஆணையம் (Sustainability Commission). புதிதாக வருபவருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: யாருக்கு என்ன அதிகாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆணையத்தில் 7 பேர். எல்லோரும் ஊர்க்காரர்கள், சம்பளமில்லாத தன்னார்வலர்கள். நகர மன்றம் அவர்களை நியமிக்கிறது. அவர்களால் சட்டம் போட முடியாது, ஒரு டாலர்கூடச் செலவு செய்ய முடியாது. திட்டத்தை எழுதுவதும் அவர்கள் இல்லை. நகர அலுவலர்களும் ஆலோசனை நிறுவனங்களும் எழுதுகிறார்கள். ஆணையம் வரைவைப் படிக்கிறது, கேள்வி கேட்கிறது, பொதுக் கூட்டத்தில் மக்களைப் பேச விடுகிறது, கடைசியில் மன்றத்துக்குப் பரிந்துரை அனுப்புகிறது. வெறும் பரிந்துரைதானே என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. மன்றத்தின் மேசைக்கு வரும்போது வரைவு பெரும்பாலும் கெட்டிப்பட்டுவிடும். ஆணையத்தில் இருக்கும்போதுதான் அது இன்னும் ஈரமாக இருக்கிறது.

படி 2: முதலில் கணக்கு

எந்தக் காலநிலைத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் உமிழ்வுக் கணக்குப் பக்கத்திலிருந்து, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களை ஊர் எவ்வளவு வெளியிடுகிறது என்ற கணக்கிலிருந்து, தொடங்குங்கள். ஊரில் செலவான மின்சாரம், குழாயில் வரும் கேஸ், வண்டிகள் ஓடிய மைல், குப்பைமேட்டுக்குப் போன குப்பை ஆகியவற்றைக் கூட்டி, கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மாற்றுகிறார்கள். கலிபோர்னியாவில் பெரும்பாலும் ஒப்பிடும் ஆண்டு 1990.

வண்டிக் கணக்கில் புதியவர்கள் குழம்புவார்கள். 101 நெடுஞ்சாலை ஊருக்குள் ஓடுகிறது என்பதற்காக அதில் போகும் எல்லா வண்டியும் ஊர்க் கணக்கில் வராது. கலிபோர்னிய நகரங்கள் வழக்கமாகச் செய்வது இது: ஊருக்குள் கிளம்பி ஊருக்குள்ளேயே முடியும் பயணம் முழுதாகக் கணக்கில் வரும். ஒரு முனை மட்டும் ஊரில் இருந்தால் பாதி. சும்மா கடந்து போகிற வண்டிக்குப் பூஜ்யம். இது புரிந்துவிட்டால், வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டுவது ஏன் காலநிலைத் திட்டத்தில் இடம்பெறுகிறது என்பதும் புரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். 2016ல் சன்னிவேல் உட்பட 12 உள்ளாட்சிகள் சேர்ந்து சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி என்ற பொது மின்கொள்முதல் அமைப்பை உருவாக்கின. 2017 ஏப்ரலில் விநியோகம் தொடங்கியது. கம்பியும் கம்பமும் பழைய மின்நிறுவனத்துடையதுதான். மின்சாரத்தை வாங்குவது மட்டும் இந்த அமைப்பு. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லோரும் தானாகவே கார்பன் இல்லாத மின்சாரத்துக்கு மாறினார்கள். ஒரு வீட்டிலும் ஒரு பல்பைக்கூட மாற்றாமல் ஊரின் உமிழ்வு பெரிதாக இறங்கியது. அப்புறம் கணக்கில் மிஞ்சியவை முக்கியமாக வண்டிப் பெட்ரோலும் கட்டடங்களின் கேஸும்.

படி 3: இலக்கைப் பாருங்கள்

இதில் அதிக நேரம் வேண்டாம். 2030க்குள் 1990ஆம் ஆண்டு அளவைவிட 40 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது 2016ல் வந்த மாநிலச் சட்டம். 2022ல் வந்த சட்டம் 2045க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியிடும் அளவும் திரும்ப உறிஞ்சும் அளவும் சமமாக வேண்டும் என்கிறது. சன்னிவேல் 2019 ஆகஸ்டில் ஏற்ற திட்டம் 2030க்கு 56 சதவீதம் என்று மாநிலத்தைத் தாண்டிப் போனது. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒவ்வொரு வரியையும் உலுக்கிப் பாருங்கள்

சன்னிவேல் திட்டத்தில் 6 பெரிய உத்திகள். ஒவ்வொன்றுக்கும் கீழே வழிமுறைகள், அவற்றுக்கும் கீழே அடுத்த சில ஆண்டுகளில் செய்ய வேண்டிய வேலைகள். உங்கள் கண் இருக்க வேண்டியது கடைசி வரிசையில். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்வி கேளுங்கள்: எத்தனை டன் குறையும்? யார் பொறுப்பு? பணம் எங்கிருந்து? யார் விடுபடுகிறார்கள்?

ஓர் உதாரணம். கேஸை விட்டு மின்சாரத்துக்கு மாறுவது என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கவலை தோசைக்கல். இண்டக்‌ஷனில் ஓரம் வேகுமா என்று என் அக்காவே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வீட்டின் கேஸில் சமையல் அடுப்பு எரிப்பது சிறு பங்கு. பெரும்பங்கு வெந்நீர்க் கொதிகலனும் குளிர்கால ஹீட்டரும். வெந்நீரை ஹீட் பம்புக்கு (சுற்றுக் காற்றின் வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் மின்கருவி) மாற்றினாலே பாதி வேலை நடந்த மாதிரி. சரி, இங்கே நான்காவது கேள்வியைக் கேளுங்கள். வாடகை வீட்டில் கொதிகலன் வீட்டுக்காரருடையது, கேஸ் பில் வாடகைக்காரருடையது. மானியம் வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும் என்றால் வாடகைக்காரர் கடைசிவரை கேஸிலேயே மாட்டிக்கொள்வார். இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம்; நம் ஆட்கள் பலரும் அதில் உண்டு.

சட்டம் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். புதுக் கட்டடங்களுக்குக் கேஸ் இணைப்பு கூடாது என்று பெர்க்லி நகரம் 2019ல் விதி போட்டது. அந்த விதி செல்லாது என்று 2023ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படி 5: தாங்கும் திறனுக்குத் தனிக் கணக்கு

உமிழ்வைக் குறைப்பது ஒரு வேலை. வந்துவிட்ட வெப்பத்தையும் வெள்ளத்தையும் தாக்குப்பிடிப்பது வேறு வேலை. முன்னதை டன்னில் அளக்கலாம். பின்னதற்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. அதனாலேயே திட்டங்களில் இது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

இதற்கு வரைபடம் வேண்டும். சன்னிவேலின் வடக்கு ஓரம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் நிலத்தடி நீரை இஷ்டத்துக்கு உறிஞ்சியதில் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கே கீழிறங்கியது. சான் ஹோசே நகர மையத்தில் சுமார் 13 அடி. வெளியிலிருந்து நீர் கொண்டுவந்து நிலத்தடியை நிரப்பிய பிறகே அது நின்றது. இறங்கிய நிலம் திரும்ப எழாது, எதிரே கடல் மட்டம் ஏறுகிறது. எனவே மூன்று கேள்விகள்: எந்த இடம் பாதிக்கப்படும், அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களால் சமாளிக்க முடியுமா? வெப்பத்துக்கும் இதே மூன்றுதான். முதியவர், ஏசி இல்லாத வீடு, நிழல் இல்லாத பஸ் நிறுத்தம்: மூன்றும் ஒரே தெருவில் சேர்ந்தால் அங்கேதான் முதல் மரம் நட வேண்டும்.

நகரங்கள் தங்கள் பொதுத் திட்டத்தின் (ஊரின் நீண்டகால வளர்ச்சித் திட்டம்) பாதுகாப்புப் பகுதியில் காலநிலைத் தகவமைப்பை, அதாவது இந்தத் தாக்குப்பிடிக்கும் வேலையைச் சேர்க்க வேண்டும் என்று 2015ல் வந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. அந்தப் பகுதியையும் எடுத்துப் படியுங்கள்.

படி 6: நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

புதிய யோசனை ஒன்று உள்ளே நுழைய சன்னிவேலில் ஒரு வாசல் உண்டு: ஆய்வுப் பொருள். ஆணைய உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்து, பெரும்பான்மை ஆதரித்தால், அலுவலர்கள் அதைப் பற்றிக் குறிப்பு தயாரிப்பார்கள். ஆணையம் தரவரிசை போடும். ஆண்டுத் தொடக்கத்தில் நகர மன்றம் மக்கள் கருத்தைக் கேட்டு, எதை எடுப்பது என்று முடிவு செய்யும். ஆக, கோடையில் வெயில் கொளுத்தும்போதே பேசிவிட வேண்டும். மார்ச்சில் போனால் அந்த ஆண்டு கை நழுவிவிடும்.

படி 7: போய்ப் பேசுங்கள்

உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று 1953ல் வந்த கலிபோர்னியாவின் பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். நிரலில் இல்லாத விஷயத்தை நீங்கள் பேசலாம். உறுப்பினர்கள் அதை விவாதிக்கக் கூடாது. முதல்முறை நான் பேசி முடித்ததும் தலைவர் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். மனம் சுருங்கிப் போனது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அதே சட்டத்தால்தான் ஆணையத்தின் பெரும்பான்மையினர் தங்களுக்குள் மின்னஞ்சலில் பேசிவைத்துக்கொள்ளவும் முடியாது. மனதில் இருப்பதை மக்கள் முன்னால்தான் பேசியாக வேண்டும்.

பெரும்பாலும் 3 நிமிடம் கிடைக்கும். எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நான் அடுத்த முறை பேசியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம். நான் இந்த ஊரில் வாடகைக்கு இருக்கிறேன். செப்டம்பர் 6 அன்று எங்கள் கட்டடத்தில் ஏசி இல்லாத ஒரு முதிய தம்பதிக்குப் போக இடம் தெரியவில்லை. திட்டத்தின் தகவமைப்புப் பகுதியில் ஒரு வரி சேர்க்கக் கேட்கிறேன்: வெப்ப எச்சரிக்கை வந்தால் எந்தக் கட்டடம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற தாள், கோடைக்கு முன்பே ஒவ்வொரு வாடகைக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். இதற்கு எந்தத் துறை பொறுப்பு என்றும் எழுத வேண்டும்."

ஒரு உறுப்பினர் தலை நிமிர்ந்து குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதையே மின்னஞ்சலில் அலுவலருக்கும் அனுப்பினேன். நீங்களும் அனுப்புங்கள், பேசியது கூட்டக் குறிப்பில் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும், எழுதியது முழுசாகக் கோப்பில் இருக்கும்.