தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும்: என் அனுபவம்

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய பிறகும் சோர்வு போகவில்லை, கூடவே மலச்சிக்கலும் குளிரும் சேர்ந்துகொண்டன. ஹீமோகுளோபின் ஏறியிருந்தது. ஆனால் வெகுகாலம் சீராக இருந்த டிஎஸ்எச்சும் (தைராய்டு சுரப்பு குறையும்போது ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) ஏறியிருந்தது.

வேறு பரிசோதனைக்கூடத்தில் பார்த்தேன், அதே முடிவு. தைராய்டு மாத்திரைக்குப் புது அட்டை வாங்கி மாற்றினேன், பலனில்லை. மலச்சிக்கலை எல்லாரும் இரும்பின் பக்கவிளைவு என்றே சொன்னார்கள். அது உண்மையில் அப்படியும் வரும் என்பதால்தான் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

கடைசியில் மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: "இரண்டையும் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?" இரண்டுமே வெறும் வயிற்றில் போடச் சொல்லும் மாத்திரைகள், அதனால் காலையில் ஒன்றாகவே போட்டுவந்தேன். இரும்பு, தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் என்ற மருந்தோடு வயிற்றிலேயே பிணைந்து, அதை உடலில் சேரவிடாது. குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டுமாம்.

சரி, தைராய்டு மாத்திரை காலையில், இரும்பு மதியத்துக்கு மேல் என்று மாற்றினேன். அளவைக் கூட்டவே இல்லை. 6 வாரம் கழித்துப் பார்த்தபோது டிஎஸ்எச் பழைய இடத்துக்கு வந்திருந்தது, பெரிய நிம்மதி.

இன்னொன்று: பல மல்டிவிட்டமின் மாத்திரைகளிலும் இரும்பும் கால்சியமும் இருக்கும். அவற்றுக்கும் அதே இடைவெளிதான், அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.