ஹாம் வானொலியில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரிமமும் அழைப்புக்குறியும் (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்துகளும் எண்ணும்) கைக்கு வந்தவுடன், ஹாம் வானொலி (தனிநபர்கள் இலாப நோக்கின்றி நடத்தும் இருவழி வானொலி) ஆர்வலர்களில் பலர் முதலில் தேடுவது அதிக வாட் தரும் கருவியைத்தான். 5 வாட்டிலிருந்து 20 வாட்டுக்கு மாறினால் குரல் நான்கு மடங்கு தெளிவாகப் போய்ச் சேரும் என்பது அவர்களின் எண்ணம். ஆனால் நான்கு மடங்கு ஆற்றல் என்பது, ஆற்றலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகான டெசிபலில், 6 மட்டுமே. வழக்கமான கணக்கில் எதிர்முனையின் அளவுமானி அதற்கு ஒரே ஒரு எஸ் புள்ளிதான் (வந்துசேரும் சைகையின் வலிமையைக் காட்டும் ஒரு படி) ஏறும். 145 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 30 மீட்டர் நீளத்துக்கு இழுத்தால் ஏறத்தாழ அதே 6 டெசிபலை அந்தக் கேபிளே விழுங்கிவிடும் என்பதால், புதிய கருவியின் 20 வாட்டில் ஆன்டெனாவை எட்டுவது பழைய 5 வாட்தான். கேட்கும் திசையிலும் அதே இழப்பு உண்டு. ஆகவே நல்ல கேபிளுக்கும் ஆன்டெனாவின் உயரத்துக்கும் முதலில் செலவழிப்பதே சரி.

ஆன்டெனாவை இணைக்காமல் ஒலிபரப்புப் பொத்தானை அழுத்துவது இன்னொரு தவறு. வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து, இறுதிநிலை டிரான்சிஸ்டர்களைப் பொசுக்கிவிடக்கூடும். கருவியைச் சோதிக்க 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஆற்றலை வெப்பமாக்கி உள்வாங்கும் மின்தடை) போதும். அலைவரிசையில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது "டெஸ்ட், டெஸ்ட்" என்று குறுக்கிட வேண்டியதில்லை.

பொத்தானை அழுத்திய அதே நொடியில் பேசத் தொடங்குவதைச் சிறு பிழை என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. நம் சைகையைப் பெற்று மீண்டும் ஒலிபரப்பும் ரிப்பீட்டர் நிலையம் விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், முதல் அசைகள் காற்றில் கரைந்துவிடும். "பதினேழு பேர்" என்று தொடங்கும் பேரிடர்க் காலச் செய்தி எதிர்முனையில் "ஏழு பேர்" என்று விழுந்தால், கேட்டவருக்குச் சந்தேகமே எழாது. உணவுப் பொட்டலங்களும் ஏழாகவே புறப்படும். அழுத்தியபின் ஒரு நொடி பொறுத்துப் பேசுவதும், எண்ணைச் சொன்னபின் "ஒன்று, ஏழு" என்று இலக்கமாகப் பிரித்துச் சொல்வதும் பழக்கமாக வேண்டும்.

பேரிடர்க் காலத் தன்னார்வப் பணியில் இத்தகைய பிழைகளின் விலை கூடுகிறது. அழைப்பு வராமலே கருவியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குச் செல்பவர், உதவியாளராக அல்லாமல், மீட்புக் குழுவினர் கவனித்துக்கொள்ள வேண்டிய இன்னொருவராக ஆகிவிடுகிறார். எழுதிக் கொடுத்த செய்தியைச் சுருக்கியோ, "மிக அவசரம்" என்று தாமாகச் சேர்த்தோ சொல்வதும் கூடாது. எழுதியவரின் சொற்கள் அப்படியே போக வேண்டும், பெற்றவர் அவற்றைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். காயமடைந்தவர்களின் பெயர்களை அலைவரிசையில் உரக்கச் சொல்லுமுன் சற்று யோசிப்பது நல்லது, ஏனெனில் ஹாம் வானொலியில் பேசுவதை எவரும் கேட்கலாம்.

மின்கலத்தைப் பற்றிய கணக்கும் பலருக்குத் தவறிவிடுகிறது. ஒலிபரப்பும்போது 50 வாட் கருவி 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் பல மணி நேரம் தாங்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலம், இடைவிடாமல் பேசினால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. பயிற்சி நாளிலேயே ஒலிபரப்பை நிஜமாக நடத்தி, மின்கலம் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டிவைக்கலாம்.