டாக்கரில் நெக்ஸ்ட்கிளவுடா? 8080-ஐ ஒரு தடவை பாருங்கள்

நம் ஃபைல்களைச் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ள உதவும் நெக்ஸ்ட்கிளவுடை உபுண்டு சர்வரில் டாக்கர் வழியாக ஓட்டுகிறேன். அதில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை ஆன் செய்து, 22, 80, 443 மூன்று போர்ட்டை மட்டும் திறந்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் மொபைல் டேட்டாவில் சர்வரின் ஐபி முகவரியோடு 8080 சேர்த்துத் தட்டினால், நெக்ஸ்ட்கிளவுட் லாகின் பக்கம் ஜம்மென்று வந்து நிற்கிறது! அதுவும் எச்டிடிபிஎஸ் இல்லாமல்.

காரணம் டாக்கர், அதாவது மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி. கன்டெய்னரின் போர்ட்டை வெளியே விடும்போது அது லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. வரும் பாக்கெட் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தொடாமலே கன்டெய்னருக்குப் போய்விடும். யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் இது தெரியவே தெரியாது, அதுதான் எரிச்சல்.

சரிசெய்வது சுலபம். கன்டெய்னர் அமைப்புகளை எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலில் போர்ட் வரியை 8080:80 என்று விடாமல் 127.0.0.1:8080:80 என்று மாற்றி, கன்டெய்னரை மறுபடி ஏற்றுங்கள். இனி அந்தச் சர்வருக்குள்ளிருந்து மட்டும்தான் எட்டும். வெளியிலிருந்து வருவதை வாங்கி உள்ளே அனுப்ப, முன்னால் கேடி (Caddy) என்ற வெப் சர்வரை நிறுத்தினால், எச்டிடிபிஎஸ்ஸுக்கான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை அதுவே வாங்கி, அதுவே புதுப்பித்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸும் ஆகும், வேலைதான் கொஞ்சம் கூடுதல். டொமைன் பெயரை நெக்ஸ்ட்கிளவுடின் நம்பகமான டொமைன் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.

அப்புறம், பேக்கப். ஃபைல்களை மட்டும் நகலெடுத்தால் போதாது. மெயின்டனன்ஸ் மோடை ஆன் செய்துவிட்டு டேட்டாபேஸ், கான்ஃபிக், டேட்டா மூன்றையும் சேர்த்தே எடுங்கள்.

மாற்றியதும் வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்து, மொபைல் டேட்டாவிலேயே 8080-ஐ மறுபடி தட்டிப் பாருங்கள்.