கஸ்டேக் ஏரியில் ஸ்விம்பெய்ட்: ஆழத்தை எண்ணிப் போடுங்கள்

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே இருக்கும் கஸ்டேக் நீர்த்தேக்கத்தில் 1991-இல் 22 பவுண்டு பாஸ் மீன் ஒன்று தூண்டிலில் சிக்கியது. தெற்குக் கலிஃபோர்னியாவில் பாஸ் இப்படிப் பெருப்பதற்கு முதல் காரணம், 1959-இல் சான் டியேகோ பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட ஃபுளோரிடா இனம். அடுத்தது, குளிர்மாதங்களில் தூண்டில்காரர்களுக்காக ஏரிகளில் விடப்படும் டிரவுட் மீன்கள். பெரிய பாஸ் அந்த டிரவுட்டை முழுசாக விழுங்கும். அதனால்தான் இங்கே ஸ்விம்பெய்ட் எனப்படும் நீந்தும் போலி இரையாக எட்டு அங்குல ரப்பர் டிரவுட்டைக் கட்டி வீசுகிறோம்.

அந்த அளவு இரை ஏறத்தாழ 100 கிராம், சில அதற்கும் மேல். சாதாரண ராட் (தூண்டில் கோல்) தாங்காது. எட்டடி நீளமுள்ள, 200 கிராம் வரை வீசக்கூடிய ஹெவி ராட், 300 அல்லது 400 அளவு பெய்ட்காஸ்டர் (கனமான இரை வீசும்) ரீல், 25 பவுண்டு மோனோ (ஒற்றை இழை) நரம்பு போதும். ராட் முனையிலிருந்து இரையை இரண்டடி தொங்கவிட்டு, சாட்டை போலச் சுண்டாமல், பின்னாலிருந்து ஒரே சுழற்சியில் எடுத்து வீசுங்கள். இவ்வளவு எடை பறக்கும்போது ரீலில் நரம்பு சிக்கினால் அறுந்துவிடும். விலை உயர்ந்த இரை தனியே போய் விழும். முடிச்சுக்கு மேலே உள்ள இரண்டடி நரம்பை அடிக்கடி விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

பெரும்பாலானோர் தவறுவது ஆழத்தில்தான். ஹடில்ஸ்டன் நிறுவனத்தின் ரப்பர் டிரவுட்டில் ஆர்ஓஎஃப் (இறங்கும் வேகம்) என்று ஓர் எண் இருக்கும். பத்து விநாடியில் எத்தனை அடி இறங்கும் என்பதே அதன் பொருள். 12 என்றிருந்தால் 24 அடிக்கு 20 விநாடி. 5 என்றிருந்தால் அதே ஆழத்துக்கு 48 விநாடி. நரம்பு தடித்தால் இறக்கம் தாமதமாகும் என்பதால் ஒருமுறை சோதித்துவிடுங்கள்: எக்கோ சவுண்டர் 30 அடி ஆழம் காட்டும் இடத்தில் வீசி, நரம்பு தொய்யும் வரை எண்ணுங்கள். அன்று முழுக்க அந்தக் கணக்கே உங்கள் அளவுகோல்.

கஸ்டேக்கின் கரைகள் செங்குத்தானவை. படகை ஆழத்தில் நிறுத்திக் கரைப்பக்கம் வீசினால், சுற்றச் சுற்ற இரை ராட் முனையை நோக்கி மேலேறும், தரையோ கீழே இறங்கும். பத்தடி சுற்றுவதற்குள் இரை மீனின் தலைக்கு மேலே வெகு உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். எனவே ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, தரை தட்டும் வரை இறங்கவிடுங்கள். இதைவிட நல்ல வழி, கரையோரமாக நின்று ஆழத்தை நோக்கி வீசிச் சரிவில் மேல்நோக்கி இழுப்பது. தரையோடு தொடர்பு அறாது. பாறையில் மாட்டும் வாய்ப்பு கூடுதல்தான், ஆனாலும் பெரிய மீனுக்கு நாங்கள் நம்புவது இந்த வழியைத்தான்.

வேகம்? கைப்பிடி ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி, தண்ணீர் குளிர்ந்திருந்தால் மூன்று. படகருகே இரையை இழுத்து, வால் ஆடுகிற மிகக் குறைந்த வேகம் எது என்று கண்ணால் பார்த்து, கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். வால் ஆட வேண்டும், உடல் உருளக்கூடாது. உருண்டால் வேகம் அதிகம், அல்லது தூண்டில் முள் நடுவில் இல்லை.

தண்ணீர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸில் இருக்கும் காலம், அதாவது பாஸ் முட்டையிடக் கரைக்கு வருமுன், மிக நல்லது. நீருக்குள் நீளும் மலைமுனைகளும் டிரவுட் விடப்படும் படகுத்துறைச் சுற்றுப்புறமும் முதலில் பார்க்க வேண்டியவை. காற்று மோதும் கரை எப்போதும் மேல். கண்ணாடி போல அமைதியான தண்ணீரில் மீன் இரையை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

கடி பெரும்பாலும் 'டொக்' என்ற ஒரு தட்டு, அல்லது திடீரென்று எடையே இல்லாமல் போவது. உடனே ராட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள். எடை தெரியும் வரை வேகமாகச் சுற்றிவிட்டு, ராட்டைப் பக்கவாட்டில் நீளமாக வீசி இழுங்கள். தட்டு மட்டும் கிடைத்து மீன் மாட்டவில்லை என்றால், அது இரையின் முதுகில் உள்ள தூண்டில் முள்ளுக்கு எட்டாமல் வாலையோ வயிற்றையோ கவ்வியிருக்கும். வயிற்றடியில் சிறிய மூன்றுமுனை முள் ஒன்றைச் சேர்த்தால் சரியாகும்.

பின்தொடரும் மீனைப் பார்த்தால் நிறுத்த வேண்டாம். இரண்டு சுற்று விரைவாகச் சுற்றுங்கள். கடிக்கவில்லையெனில் அரைமணி கழித்து வேறு கோணத்திலிருந்து வீசுங்கள்.

பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்காதீர்கள், தாடை பிசகும். மறு கையால் வயிற்றைத் தாங்கி, விரைவில் தண்ணீரில் விடுங்கள். எடுத்துப்போகலாமா, எத்தனை, எந்த நீளம் என்பது ஏரிக்கு ஏரி மாறுபடும். கிளம்புமுன் விதியைப் பாருங்கள். நீர்நிலைகளைக் கெடுக்கும் குவாகா சிப்பி பரவாமலிருக்கப் படகின் அடித்தண்ணீரை வடித்துக் காயவைத்தே கொண்டுபோங்கள்.

ரப்பர் இரைகளை அவை வந்த தட்டிலேயே வையுங்கள். வேறு பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். வால் வளைந்திருந்தால் சுடுதண்ணீரில் சிறிது நேரம் போட்டு, நேராக்கி, குளிர்ந்த நீரில் ஆறவிடுங்கள்.