கோடையை வீட்டருகிலேயே அனுபவிக்க

கோடையை அனுபவிக்கத் தொலைதூரப் பயணம் தேவையில்லை. நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே போதும். வெயில் கடுமையாக இருக்கும் முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை நிழலில் இருந்துவிட்டு, நடையையும் விளையாட்டையும் அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவில் மாடியிலோ முற்றத்திலோ பாயை விரித்து, விளக்குகளை அணைத்து, கைபேசியையும் உள்ளேயே வைத்துவிட்டு வானத்தைப் பாருங்கள். கண்கள் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும் என்பதால் பொறுமை மிக அவசியம். அதன் பிறகு, முதலில் வெறுமையாகத் தோன்றிய இடங்களிலும் மங்கலான விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தென்படத் தொடங்கும். அதிகம் மின்னாமல் நிலையாக ஒளிர்வது பெரும்பாலும் கோளாகவே இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள்.

செடிகளுக்கு அருகே ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களோடு தண்ணீர் வைத்தால் பறவைகளும் தேனீக்களும் வரும். கொசு பெருகாமலிருக்கத் தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.