மலைச்சரிவில் சைக்கிளோடு விழுந்தால்: கொழும்புக்குத் திரும்பும் முன் செய்ய வேண்டியவை

வெள்ளி இரவு சைக்கிள்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து புறப்பட்டு, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் இரண்டு நாள் சரிவிறங்கிவிட்டு, ஞாயிறு இரவு வெள்ளவத்தைக்கு வந்து சேர்வது எங்களைப் போன்ற பலருக்கு வழக்கமாகிவிட்டது. அப்படிப் போகும் குழுக்களில் யாராவது விழுந்தால், "கொழும்பில் போய்க் காட்டிக்கொள்ளலாம்" என்று அவரைப் பின் இருக்கையில் சாய்த்துக்கொண்டு திரும்புவதும் வழக்கமாகிவிட்டது. ஐந்தாறு மணி நேரம் வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பயணத்தில், முதல் மணி நேரத்தில் வெளியே தெரியாத காயம் மோசமாவதற்குப் போதிய அவகாசம் இருக்கிறது. ஆகவே அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கே முதலில் செல்ல வேண்டும்.

விழுந்தவரிடம் ஓடுவதற்கு முன், ஒருவர் பாதையின் மேல் வளைவுக்கு ஏறிச் சென்று பின்னால் வருபவர்களை மறிக்க வேண்டும். இல்லையேல் அடுத்த சைக்கிள் அவர் மேலேயே வந்து விழும். விழுந்தவர் வெட்கத்தில் உடனே எழ முயல்வார். அவரைப் படுத்தபடியே இருக்கச் சொல்லி, கழுத்திலோ முதுகிலோ வலி உண்டா, கைகால் மரத்திருக்கிறதா, விழுந்த விதம் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். கழுத்து வலியோ மரப்போ இருந்தால், தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு உதவி வரும்வரை அப்படியே படுத்திருக்க விடுங்கள். மூச்சுக்குத் தடையில்லாதவரை ஹெல்மட்டைக் கழற்றவே வேண்டாம். இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையிடையே தூக்கிப் பார்ப்பது உறையத் தொடங்கிய இரத்தத்தைக் கலைத்துவிடும்.

சரிவிறங்கும் சைக்கிளோட்டிகளுக்கே உரிய அடிகள் சில உண்டு. முன்சக்கரம் கல்லில் முட்டி ஆள் முன்னால் தூக்கி எறியப்படும்போது தோள் தரையில் மோதுவதால் காறை எலும்பு முறிவது மிகச் சாதாரணம். உதிரியாகக் கொண்டுவந்த டியூபைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக் கையைத் தாங்கலாம். அதைவிட நான் அஞ்சுவது ஹாண்டிலின் முனை வயிற்றில் குத்துவதற்குத்தான். தோலில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு சிவப்பு மட்டுமே தெரியும், உள்ளே மண்ணீரலோ ஈரலோ கிழிந்திருக்கும். இடது தோள்முனையில் காரணமில்லாத வலி, முகம் வெளிறுதல், தலைசுற்று, வயிறு இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கக் கூடாது.

மணிக்கட்டைப் பற்றி என் கதையையே சொல்லலாம். கையை ஊன்றி விழுந்தேன், வீக்கம் கொஞ்சம்தான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள், சுளுக்கு என்று நானும் எண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் ஸ்கேபொயிட் என்னும் சிறிய எலும்பில் கோடு தெரிந்தது. இந்த முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவதுண்டு. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு என்பதால் கவனிக்காவிட்டால் பொருந்தாமலே போய்விடும். பெருவிரலை விரித்து உயர்த்தும்போது அதன் அடியில் ஒரு குழி தோன்றும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதென்றால், முதல் படம் என்ன சொன்னாலும், கையை அசையாமல் கட்டிவைத்துப் பத்துப் பதினான்கு நாளில் மறுபடியும் காட்டுங்கள்.

உராய்வுக் காயங்களை நிறையச் சுத்தமான நீர் ஊற்றிக் கழுவி, மணல் துகள் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பித் தூளை அப்பிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை; அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நோயாளியும் தாதியும் படும் பாடு பெரிது. ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நெடுநேரம் கசியும், அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. கூப்பிடுமுன், கொழுந்து பறிப்பவர்களிடம் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் அருகிலுள்ள கோயிலையோ தொழிற்சாலையையோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "அப்புத்தளைக்கு மேலே ஒரு பாதை" என்று சொன்னால் யாராலும் வந்து சேர முடியாது. மேல் பாதைக்கு வண்டி ஏறாவிட்டால் எந்த இடத்தில் சந்திப்பது என்பதையும் அவர்களே சரியாகச் சொல்வார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து யாராவது அக்கா சீனி போட்ட பிளேன்ரீயுடன் ஓடிவருவார். சத்திரசிகிச்சை தேவைப்படக்கூடியவருக்கு அதைக் கொடுக்காமல், நன்றி சொல்லி நீங்கள் குடியுங்கள். மலைக்குளிரில் அடிபட்டவரின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால், கீழேயும் மேலேயும் ஜக்கெட்டுகளைப் போடுங்கள்.

தலையில் அடிபட்டவரை, வைத்தியசாலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும், இரண்டு நாளாவது தனியே விடக்கூடாது. தொடர்ந்து வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம் என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்கு நேரே கொண்டுசெல்லுங்கள். மலையிலுள்ள வைத்தியசாலையில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட்டை (நோய் விவர அட்டையை) மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வலிக்குப் பனடோல் போதும். இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய அஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்றவற்றை வைத்தியர் சொல்லாமல் தொடாதீர்கள்.

அடிவாங்கிய ஹெல்மட் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்நுரை நசுங்கியிருக்கும், அடுத்த விழுகையை அது தாங்காது. குப்பையில் போடுமுன் அதன் பட்டியைக் கத்தரித்துவிடுங்கள், வேறு யாரும் எடுத்துத் தலையில் போட்டுவிடாதபடி.